கிணற்றைக் கேட்டுப் பம்பு வாங்குவோம்

கோயம்புத்தூரிலிருந்து மேட்டுப்பாளையம் செல்லும் சாலையில் காரமடையைத் தாண்டிப் போயிருக்கிறீர்களா? எதிரே நீலகிரி மலை சுவர்போல நிற்கும். சாலையின் இருபுறமும் வாழை, பாக்கு, தென்னை, கறிவேப்பிலைத் தோட்டங்கள். அந்தத் தோட்டங்களுக்கு நடுவே ஆங்காங்கே கருநீல நிறத்தில் சாய்ந்து நிற்கும் பலகைகளையும் இப்போது காணலாம். வெயிலை மின்சாரமாக்கிப் பம்பை ஓட்டும் சூரியப் பலகைகள் அவை.

சோலார் பம்பு வாங்க நினைப்பவர் கடையில் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை எச்.பி. போடலாம்?" என்பதுதான். பக்கத்துத் தோட்டத்தில் 5 எச்.பி. இருந்தால் நமக்கும் 5 எச்.பி.! ஆனால் ஒரே அளவு பலகை, ஒரே திறனுள்ள மோட்டார் வைத்த இரண்டு தோட்டங்களில், ஒன்றில் காலை எட்டு மணிக்கே தண்ணீர் கொட்டுகிறது. மற்றொன்றில் பதினொரு மணி வரை மோட்டார் உறுமுகிறதே தவிரக் குழாயில் ஒரு சொட்டும் வருவதில்லை. இத்தனைக்கும் இரண்டின்மேலும் ஒரே வெயில்தான் விழுகிறது. இந்தப் புதிருக்கு விடை பலகையில் இல்லை, பூமிக்கடியில் இருக்கிறது.

மாடு, மலையருவி, வெயில்

கொங்கு நாட்டுக் கிணறுகளில் ஒரு காலத்தில் கவலை பூட்டி நீர் இறைத்தார்கள். இரண்டு எருதுகள் சரிவில் இறங்கி வடத்தை இழுக்க, சால் நிறையத் தண்ணீர் மேலே வரும். 1932இல் நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. மலையருவியின் சக்தி கம்பி வழியே சமவெளிக்கு வந்தது. கோவையில் பஞ்சாலைகளோடு மோட்டார், பம்புத் தொழிலும் வளர்ந்தது. இன்று இந்தியாவின் பல மாநிலங்களில் ஓடும் பம்புகளில் கோவைப் பெயர் பொறித்தவை ஏராளம்.

வெயிலால் நீர் இறைக்கும் எண்ணமும் புதியதன்று. 1870களிலேயே பம்பாயில் வில்லியம் ஆடம்ஸ் என்ற ஆங்கிலேய அலுவலர், பல கண்ணாடிகளால் வெயிலை ஒரு கொதிகலன்மேல் குவித்து, அந்த நீராவியால் இரண்டரைக் குதிரைத்திறன் பம்பை ஓட்டிக் காட்டினார். 1913இல் எகிப்தில் கெய்ரோவுக்கு அருகே ஃபிராங்க் ஷூமன் என்ற அமெரிக்கர் இதே வழியில், இன்னும் பெரிய அளவில், நைல் நதி நீரை இறைத்தார். பிறகு நிலக்கரியும் எண்ணெயும் மலிந்தன, கண்ணாடிகள் மறக்கப்பட்டன. 1954இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடம் சிலிக்கன் மின்கலத்தை உருவாக்கியது. அதன்பின்தான் நீராவி இல்லாமலே ஒளியை நேரே மின்சாரமாக்க வழி பிறந்தது. 1970களின் பிற்பகுதியில் ஆப்பிரிக்காவின் மாலி நாட்டில், வறட்சியால் தவித்த கிராமங்களில் இத்தகைய பம்புகள் நிறுவப்பட்டன. இந்தியாவில் 2019இல் தொடங்கிய பி.எம். குசும் திட்டம், மின் இணைப்பு இல்லாத நிலங்களுக்கு இவற்றை மானியத்தில் தருகிறது. தமிழ்நாட்டில் வேளாண்மைப் பொறியியல் துறை இதைக் கவனிக்கிறது.

வேலைக்கு ஒரு கணக்கு

இனி நம் புதிருக்கு வருவோம். இயற்பியல் வகுப்பில் படித்ததுதான்: ஒரு பொருளை மேலே தூக்கச் செய்யும் வேலை அதன் எடையையும் தூக்கும் உயரத்தையும் பொறுத்தது. ஒரு லிட்டர் நீரின் நிறை ஒரு கிலோகிராம். அதை ஒரு மீட்டர் தூக்க 9.8 ஜூல் ஆற்றல் வேண்டும். வீட்டு மின்கட்டணத்தில் வரும் ஒரு யூனிட் என்பது 36 லட்சம் ஜூல்.

ஒரு வாழைத் தோட்டத்துக்கு நாளொன்றுக்கு 40,000 லிட்டர் தேவை என்று வைத்துக்கொள்வோம். அதை ஆற்றிலிருந்து 8 மீட்டர் தூக்கினால் ஆகும் செலவு 0.87 யூனிட். திறந்த கிணற்றிலிருந்து 20 மீட்டர் தூக்கினால் 2.2 யூனிட். ஆழ்துளைக் கிணற்றிலிருந்து 150 மீட்டர் தூக்கினால் 16.3 யூனிட்!

மோட்டாரிலும் பம்பிலும் குழாயிலும் ஆற்றல் வீணாகும். நூற்றுக்கு நாற்பது பங்கே தண்ணீரைத் தூக்கப் பயன்படுகிறது என்று கொள்வோம். அப்படியானால் பலகைகள் தர வேண்டியது முறையே 2.2, 5.4, 41 யூனிட். கோவைப் பகுதியில் ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு நாளில் விழும் வெயில், ஆண்டுச் சராசரியாக 5 யூனிட்டுக்குச் சற்று மேல். வெப்பம், தூசு ஆகியவற்றால் ஏற்படும் இழப்பைக் கழித்தால், ஒரு கிலோவாட் பலகை நாளுக்குச் சுமார் 4 யூனிட் தரும். ஆகவே ஆற்றங்கரைக்காரருக்கு அரை கிலோவாட்டுக்குச் சற்று மேல் போதும். கிணற்றுக்காரருக்கு ஒன்றரை கிலோவாட். போர்க்காரருக்கோ பத்து கிலோவாட்டுக்கும் மேல் வேண்டும். வாழை ஒன்றுதான், தண்ணீரின் அளவும் ஒன்றுதான். ஆனால் பலகைச் செலவு இருபது மடங்கு வேறுபடுகிறது!

ஆறு ஏறும், இறங்கும்

மேட்டுப்பாளையத்துக்கு மேற்கே நெல்லித்துறைப் பக்கம் பவானி ஆற்றை ஒட்டித் தோட்டங்கள் இருக்கின்றன. நீர் அருகிலேயே இருக்கிறது. தூக்கும் உயரம் குறைவு. கரையில் ஒரு மோனோபிளாக் பம்பை வைத்தால் போதும் என்று தோன்றும். ஆனால் மேலே பில்லூர் அணை இருக்கிறது. மின்உற்பத்திக்காகவோ, வெள்ளம் வரும்போதோ நீர் திறந்தால் ஆறு சட்டென்று உயர்ந்துவிடும். கரையோரம் வைத்த மோட்டார் முழுகிப்போகும். சரி, உயரமான மேட்டில் வைக்கலாம் என்றால் அங்கே வேறொரு தடை காத்திருக்கிறது.

பம்பு தண்ணீரை 'இழுக்கிறது' என்று நாம் சொல்கிறோம். உண்மையில் பம்பு செய்வது குழாயிலுள்ள காற்றழுத்தத்தைக் குறைப்பது மட்டுமே. தண்ணீரை மேலே தள்ளுவது வளிமண்டலம். கடல் மட்டத்தில் வளிமண்டலத்தால் அதிகபட்சம் 10.3 மீட்டர்தான் தள்ள முடியும். காரமடை போல உயரமான ஊர்களில் இன்னும் சற்றுக் குறைவு. குழாய் உராய்வு, ஃபுட்வால்வுத் தடை எல்லாம் போக 6 அல்லது 7 மீட்டருக்கு மேல் எந்தப் பம்பாலும் நம்பிக்கையாக உறிஞ்ச முடியாது. அது 1 எச்.பி. ஆனாலும் 100 எச்.பி. ஆனாலும் இதே கதைதான். பலகையைக் கூட்டி இதை மாற்ற முடியாது.

ஆகவே, வெள்ளத்தில் மூழ்காமலும் கோடையில் உறிஞ்சும் உயரம் மிகாமலும் இருக்க, கரையில் ஒரு சிறு கிணறு வெட்டி, அதற்குள் ஆற்று நீரைக் குழாயால் வரவிட்டு, நீர்மூழ்கிப் பம்பை அதில் இறக்குவது நல்ல முறை. மணலும் அந்தக் கிணற்றிலேயே படிந்துவிடும். (ஆற்றிலிருந்து நீர் எடுக்க அரசின் அனுமதி வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.)

சிறுமுகைப் பக்கம் நிலைமை வேறு. 1955இல் கட்டி முடிக்கப்பட்ட பவானிசாகர் அணை நிறைந்தால் அதன் பின்புற நீர் இதுவரை வந்து நிற்கும். அணை வற்றினால் நீரின் விளிம்பு வெகுதூரம் விலகிப்போகும். அங்கே நிலையாக ஊன்றிய பம்பு கோடையில் வெறும் சேற்றைப் பார்த்துக்கொண்டிருக்கும். சக்கர வண்டியில் பலகையையும் சிறு பம்பையும் ஏற்றி, தண்ணீரைத் தேடித் தள்ளிக்கொண்டு போவதே அங்கு பொருத்தம்.

சதுரக் கிணறு

கொங்கு நாட்டின் பழைய கிணறுகள் பாறையில் அகலமாக வெட்டப்பட்டவை. பல சதுரமாகவோ நீள்சதுரமாகவோ இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப்பின் நீர் மேலேறும். சித்திரை, வைகாசியில் அடிக்குப் போகும். முன்பெல்லாம் மோட்டாரைக் கிணற்றுக்குள் ஒரு மேடையில் வைத்து, நீர் இறங்க இறங்க மோட்டாரையும் கீழே இறக்குவார்கள். உறிஞ்சும் எல்லை 7 மீட்டர் என்பதை இயற்பியல் படிக்காமலேயே அவர்கள் அறிந்திருந்தார்கள்.

இப்போது திறந்தகிணற்று நீர்மூழ்கிப் பம்பு அந்த வேலையை மிச்சப்படுத்திவிட்டது. படுத்த வாக்கில் கிணற்றின் அடியில் கிடக்கும். உறிஞ்ச வேண்டியதில்லை, தள்ளினால் போதும். சூரிய சக்திக்கு மிக எளிதாகப் பொருந்துவது இதுவே என்பது என் கருத்து. குழாயை மட்டும் சற்று அகலமாகப் போடுங்கள். ஒரே அளவு நீர் ஓடும்போது, குழாயின் விட்டம் பாதியானால் உராய்வு இழப்பு ஏறத்தாழ 32 மடங்காகும். அந்த இழப்பையும் பலகைதான் ஈடுகட்ட வேண்டும். பெரிய குழாய்க்காகும் செலவு கூடுதல் பலகைக்காகும் செலவைவிடக் குறைவு.

ஆயிரம் லிட்டர்க் குடுவை

மிகவும் சிக்கலானது ஆழ்துளைக் கிணறு. காரமடைப் பகுதியின் அடிநிலம் கடினப் பாறை. அதில் கடற்பஞ்சுபோல எங்கும் நீர் ஊறியிருப்பதில்லை. வெடிப்புகளில் மட்டுமே கசிந்து வரும். எனவே அடுத்தடுத்த இரண்டு தோட்டங்களில் போடும் போர்கள்கூட ஒன்றுபோல் இருப்பதில்லை.

ஆறரை அங்குலப் போர் ஒன்றில் 50 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நிற்கிறது என்று கொள்வோம். கேட்க நிறையத் தண்ணீர்போல் இருக்கிறது அல்லவா? கணக்கிட்டுப் பாருங்கள்: துளையின் விட்டம் 16.5 சென்டிமீட்டர். ஒரு மீட்டர் உயரத்தில் 21 லிட்டர்தான் நிற்கும். ஐம்பது மீட்டருக்கும் சேர்த்து ஆயிரம் லிட்டரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான்! வீட்டு மொட்டைமாடியில் இருக்கும் ஒரு கறுப்புத் தொட்டிக்குச் சமம்.

அந்தப் போரில் மணிக்கு 2,000 லிட்டர் ஊறுகிறது. நாம் மணிக்கு 5,000 லிட்டர் இறைக்கும் மோட்டாரைப் போடுகிறோம். ஒவ்வொரு மணிக்கும் 3,000 லிட்டர் பற்றாக்குறை. இருபத்தோரு நிமிடத்தில் குடுவை காலி. பிறகு மோட்டார் வறண்டு ஓடும், நீரால் குளிரும் அதன் பகுதிகள் சூடேறும், காயில் கருகும். இதற்குப் பயந்தே கோவை வட்டாரத்தில் ஊற்றுக் குறைந்த போர்களுக்குப் பலர் கம்ப்ரசர் போடுகிறார்கள். காற்றைக் கீழே செலுத்தி நீரை மேலே தள்ளும் ஏற்பாடு இது. போர் வறண்டாலும் எதுவும் கெடாது. ஆனால் மின்சாரத்தை அது விழுங்குகிற விதம் சூரியப் பலகைக்குக் கட்டுப்படியாகாது.

சூரிய சக்திக்கு இங்கே ஒரு நல்ல குணம் உண்டு: அவசரமில்லாமை. மணிக்கு 2,000 லிட்டருக்குமேல் எடுக்காத சிறு பம்பைப் பொருத்தி, நாளுக்கு ஆறு மணி நேரம் மெல்ல மெல்ல இறைத்தால் 12,000 லிட்டர் கிடைக்கும். அதற்கு மூன்று கிலோவாட் அளவு பலகை போதும். ஆனால் எந்தப் பம்பு என்பதில்தான் நாம் தொடக்கத்தில் கண்ட புதிரின் விடை இருக்கிறது.

சாதாரண நீர்மூழ்கிப் பம்பு மையவிலக்கு விசையால் இயங்குவது. வேகமாகச் சுழலும் இம்பெல்லர், நீரை வெளிப்புறமாக வீசி அழுத்தம் தருகிறது. ஆழம் கூடக்கூட ஒன்றன்மேல் ஒன்றாகப் பல இம்பெல்லர்களை அடுக்குவார்கள். 'பத்து ஸ்டேஜ், இருபது ஸ்டேஜ்' என்று கடையில் சொல்வது இதைத்தான். இதில் ஒரு விதி உண்டு: வேகம் குறைந்தால், தூக்கும் உயரம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். நடுப்பகலில் முழு வேகத்தில் 180 மீட்டர் வரை தள்ளவல்ல பம்பு என்று வைத்துக்கொள்வோம். காலை ஒன்பது மணிக்கு வெயில் குறைவு. மோட்டார் ஐந்தில் நான்கு பங்கு வேகத்தில் சுற்றுகிறது. 0.8ஐ 0.8ஆல் பெருக்கினால் 0.64. இப்போது அதனால் எட்ட முடிந்த உயரம் 115 மீட்டர்தான். நீரோ 150 மீட்டர் ஏற வேண்டும். ஆகவே குழாயின் நடுவழியிலேயே நீர் நின்றுவிடுகிறது. மோட்டார் உறுமும், தண்ணீர் வராது.

இதற்கு மாற்று, திருகுப் பம்பு. 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் ரெனே மொய்னோ என்ற பிரெஞ்சுக்காரர் கண்டுபிடித்தது. முறுக்கிய எஃகுத் தண்டு ஒன்று ரப்பர் உறைக்குள் சுழலும். தண்டுக்கும் உறைக்கும் இடையே அகப்பட்ட நீர், திருகில் ஏறுவதுபோல் மேலே நகர்ந்தே ஆக வேண்டும். மெதுவாகச் சுற்றினால் கொஞ்சம் நீர், வேகமாகச் சுற்றினால் நிறைய நீர். ஆனால் உயரம் மட்டும் குறையாது. பாதி வெயிலில் ஏறத்தாழப் பாதி நீராவது வரும். ஆழம் அதிகம், ஊற்றுக் குறைவு என்றால் இதுவே ஏற்றது. மணல் கலந்து வரும் போரில் மட்டும் ரப்பர் உறை சீக்கிரம் தேயும். அதுவும் தண்ணீரில்லாமல் ஓடக்கூடாது. வறட்சியை உணர்ந்து நிறுத்தும் கருவி கட்டாயம் வேண்டும்.

ஏற்கெனவே போரில் நல்ல மோட்டார் இருக்கிறதே, அதைத் தூக்கி எறிவதா? தேவையில்லை. பலகையின் நேர்மின்னோட்டத்தை மாறுமின்னோட்டமாக்கி, வெயிலுக்கேற்ப வேகத்தை மாற்றித் தரும் கட்டுப்பாட்டுக் கருவி இருக்கிறது. 415 வோல்ட் மூன்று ஃபேஸ் மோட்டாருக்கு ஏறக்குறைய 590 வோல்ட் நேர்மின்னழுத்தம் வேண்டும். ஒவ்வொன்றும் 37 வோல்ட் தரும் 16 பலகைகளைத் தொடராக இணைத்தால் சரியாக வரும். பழைய மோட்டாரில் இன்னொரு வசதி, காயில் போனால் ஊரிலுள்ள வைண்டிங் கடையிலேயே கட்டிக்கொள்ளலாம். புதுவகை நேர்மின் மோட்டார்கள் குறைந்த சக்தியில் நிறைய வேலை செய்பவை. ஆனால் பழுதானால் கம்பெனி ஆளுக்குக் காத்திருக்க வேண்டும். வாழை அத்தனை நாள் காத்திருக்குமா?

இந்த 590 வோல்ட் உயிரைக் குடிக்கும். வெயில் அடிக்கும்வரை பலகையை 'ஆஃப்' செய்யவே முடியாது. அந்தக் கம்பிகளின் பக்கம் நீங்கள் போகாதீர்கள்.

குட்டையும் தொட்டியும்

போர் தரும் 12,000 லிட்டரையும் அப்படியே வாய்க்காலில் விட்டால் கடைசி வாழைக்குப் போய்ச் சேராது. ஆதலால் கொங்குப் பகுதி விவசாயிகள் போர்த் தண்ணீரைப் பழைய கிணற்றிலோ தொட்டியிலோ விட்டுச் சேர்த்து, பிறகு வேறொரு பம்பால் பாய்ச்சுகிறார்கள். சூரிய சக்திக்கு இந்த வழக்கம் அருமையாகப் பொருந்துகிறது. ஆழத்திலிருந்து தூக்கும் கடின வேலையை வெயில் நாள் முழுக்கச் செய்யட்டும். பாய்ச்சுவது நமக்கு வேண்டிய நேரத்தில். மின்கல அடுக்கு, அதாவது பேட்டரி, தேவையே இல்லை.

சொட்டுநீர்க் குழாய்க்கு நேரே சோலார் பம்பை இணைத்தால் ஒரு தொல்லை. சொட்டுவான்கள் சீராகச் சொட்டச் சுமார் 10 மீட்டர் நீர்மட்டத்துக்குச் சமமான அழுத்தம் வேண்டும். ஆடிமாதத்து மேகம் ஒன்று கடந்தால் அழுத்தம் விழுந்து, தொலைவிலுள்ள செடிகளுக்கு நீர் நின்றுவிடும். பண்ணைக்குட்டை நீரானால் பாசி வேறு அடைக்கும். மணல் வடிகட்டி இல்லாமல் விடக்கூடாது.

தென்னங்கீற்றின் நிழல்

தொடராக இணைத்த பலகைகள் எல்லாவற்றின் வழியாகவும் ஒரே மின்னோட்டம்தான் பாயும். ஒரு பலகைமேல் தென்னங்கீற்றின் நிழல் விழுந்தால், வரிசை முழுவதன் திறனும் குறையும். தோப்புக்காரர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். மரம் வளரும் என்பதையும் மறக்கிறார்கள்! தூசும் மயில் எச்சமும்கூட இதே வேலையைச் செய்யும். விடியற்காலையில், பலகை குளிர்ந்திருக்கும்போது தண்ணீர் ஊற்றித் துடைக்க வேண்டும். வெயில் ஏற ஏறப் பலகைக்கு நல்லது என்று எண்ணாதீர்கள். அதற்கு வேண்டியது ஒளி, வெப்பமன்று. பலகையின் வெப்பநிலை 25 டிகிரியைத் தாண்டும் ஒவ்வொரு டிகிரிக்கும் திறன் நூற்றுக்கு 0.4 அளவு குறையும். 60 டிகிரியில் ஏழில் ஒரு பங்கு போய்விடும். அடியில் காற்றோடும்படி உயர்த்தி வைப்பது இதற்காகத்தான்.

காரமடை இருப்பது வட அட்சம் 11 டிகிரியைச் சற்றுத் தாண்டி. பலகையைத் தெற்குப் பார்த்து ஏறத்தாழ அதே 11 டிகிரி சாய்த்து வைப்பார்கள். ஏப்ரல் 20ஐ ஒட்டியும் ஆகஸ்டு 23ஐ ஒட்டியும் இங்கே நண்பகலில் சூரியன் சரியாகத் தலைக்கு மேல் வரும். நட்டுவைத்த கம்புக்கு நிழலே இராது. பள்ளித் திடலில் நீங்களே சோதிக்கலாம்.

நீங்கள் அளக்கலாம்

தமிழ்நாட்டில் விவசாயத்துக்கு மின்சாரக் கட்டணம் இல்லை. வெயிலுக்கும் கட்டணம் இல்லை. இரண்டிலுமே மோட்டாரை நிறுத்தச் சொல்ல ஆளில்லை. கோவை மாவட்டத்தின் பல பிர்க்காக்கள், மழையால் ஊறுவதைவிட அதிகமாக இறைக்கும் 'அதிநுகர்வு' வகையில் ஏற்கெனவே சேர்க்கப்பட்டிருக்கின்றன. நமது கணக்கிலுள்ள போர் 12,000 லிட்டர் தருமானால், 40,000 லிட்டர் கேட்கும் வாழையைக் குறைத்து, குறைந்த நீரில் வளரும் பயிரை யோசிப்பதே வழி. பத்து கிலோவாட் பலகையை அங்கே நிறுத்தினால் பணம்தான் போகும்.

எனவே கடைக்குப் போகுமுன் அளக்க வேண்டும். உங்கள் வீட்டுத் தோட்டத்தில் கிணறு இருந்தால் அப்பாவையோ தாத்தாவையோ உடன் வைத்துக்கொண்டு இதைச் செய்யுங்கள். தனியாகக் கிணற்றோரம் போகக்கூடாது. ஒரு கயிற்றில் மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்டு, நுனியில் கல் கட்டுங்கள். மோட்டாரை ஓட்டி நீரை இறக்கிய பிறகு நிறுத்தி, நீர்மட்டத்தைக் குறியுங்கள். ஒரு மணி கழித்து மறுபடி அளங்கள். எட்டு மீட்டருக்கு எட்டு மீட்டர் சதுரக் கிணற்றில் 10 சென்டிமீட்டர் ஏறியிருந்தால், மணிக்கு 6,400 லிட்டர் ஊறுகிறது என்று பொருள். போராக இருந்தால், நீர் விழும் இடத்தில் 200 லிட்டர் பீப்பாய் வைத்து, எத்தனை விநாடியில் நிறைகிறது என்று பாருங்கள். மோட்டார் போட்டவுடன் பார்த்தால் குடுவைத் தண்ணீர்தான் தெரியும். ஒரு மணி நேரம் ஓடிய பிறகு பாருங்கள்.

மாதத்துக்கு ஒருமுறை, தேதி போட்டு, ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். கார்த்திகையில் எழுதிய அளவைக் காட்டினால் கடைக்காரர் பெரிய பம்பைக் காட்டுவார். காட்ட வேண்டியது மே மாதக் கடைசியில் எழுதிய அளவு.